வண்டன்மேட்டில் காலையில் எழாத கணினிகள்

வடகரப்பதிப் பேருந்து நிறுத்தத்தில் கனகராஜ் என்னைத் தாண்டி எனக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டிருந்தார். பேருந்து போய்விட்டது. புழுதியும் அடங்கிவிட்டது. இறங்கியது நான் ஒருத்திதான்.

"நீங்க கனகராஜ்தானே?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. முனியாண்டி சார் வரலீங்ளா?"

"முனியாண்டி என் அப்பா பேரு. நான் தேவகி முனியாண்டி."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க்கா, இத்தன வருசமா உங்களுக்கு சார் போட்டு மெயில் எழுதிட்டு இருந்திருக்கறனுங்களே!"

மலேசியாவில் எங்களுக்கு அப்பா பெயர் பின்னால் வரும். மின்னஞ்சலில் என் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, அப்பாதான் முழுதாக நிற்பார். அவரும் நானும் செல்வராணி என்றொருத்தியும் மூன்று தமிழர்கள், ஆங்கிலத்தில் மட்டுமே பழகியவர்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அந்த மூவரில் இருவர் பேச்சை நிறுத்திக்கொண்டதால்தான் நான் பினாங்கிலிருந்து கிளம்பி வந்திருந்தேன். கோயம்புத்தூரில் ஒரு கல்யாணம் என்பது வீட்டில் சொன்ன காரணம். கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறிவிட்டேன்.

என்ன சண்டை என்று சொல்ல வேண்டும். கணினியின் பொத்தானை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது திரையில் நாம் பார்க்கும் எதுவும் அல்ல. மதர்போர்டின் ஓரத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிப் இருக்கிறது. அதில் ஒரு சிறிய நிரல் குடியிருக்கிறது. ஃபர்ம்வேர் என்பார்கள். மெமரியை எழுப்பி, விசைப்பலகையை எழுப்பி, வட்டைத் தேடிக் கொடுத்துவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். போர்டு செய்யும் நிறுவனங்கள் அதைப் பூட்டித்தான் விற்கின்றன. அதற்குப் பதிலாக, யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று ஒன்றைப் பல நாடுகளிலிருந்து சிலர் எழுதிக்கொண்டிருக்கிறோம். பகலில் பினாங்குத் தொழிற்சாலையில் போர்டுகளைச் சோதிப்பது என் சம்பள வேலை. வீட்டுக்கு வந்தபிறகு, மற்றவர்கள் எழுதியதைப் படித்து, சரி என்றால் சேர்ப்பதும் சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவதும் சம்பளம் இல்லாத வேலை.

கனகராஜ் தென்னை விவசாயி. கோயம்புத்தூரில் சில காலம் மின்னணு வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு குறிப்பிட்ட போர்டுக்கு ஃபர்ம்வேரை அவர்தான் எழுதினார். இடுக்கி மலையில், வண்டன்மேட்டில், கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் செல்வராணி அதே போர்டு உள்ள பழைய கணினிகளின் சிப்பில் கிளிப்பை மாட்டி அதை எழுதிப் பயன்படுத்தினாள். காலையில் ஒன்றும் எழுவதில்லை என்று அவள் தெரிவித்தாள். என் போர்டில் எழுகிறது என்றார் அவர். கடைசி இரண்டு கடிதங்களும் உலகமே படிக்கும் பொது மின்னஞ்சல் பட்டியலில் கிடந்தன. அவருடையது: "உன் கிளிப்பைச் சரியாகப் பொருத்து. மறுபடி சோதித்துவிட்டு எழுது." அவளுடையது: "எல்லாக் கணினிகளிலிருந்தும் இதை எடுத்துவிடுகிறேன். உங்கள் நேரத்துக்கு நன்றி."

ஆங்கிலத்தில் இருந்ததை என் மனம் இப்படித்தான் தமிழாக்கிக்கொண்டது. அவள் மனமும் இப்படியேதான் ஆக்கிக்கொண்டிருக்கும்.

கனகராஜின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனேன். டிசம்பர் என்றார்கள், வெயில் அப்படித் தெரியவில்லை. கேரளம் என்றால் ஆறும் படகும் என்று சுற்றுலாப் படங்களில் பார்த்துப் பழகிய எனக்கு, இந்தப் பக்கம் வேறு நாடு மாதிரி இருந்தது. வறண்ட செம்மண், நிலக்கடலை, தக்காளி, வரிசையாகத் தென்னை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சேலைத் தலைப்பைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. பலகைகள் மலையாளத்தில் இருந்தன. அவற்றின் கீழே நின்று பேசியவர்கள் எல்லோரும் கொங்குத் தமிழ் பேசினார்கள்.

"ஊட்டுக்குப் போனதும் மொதல்ல சாப்புடுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க," என்றார்.

அவர் மனைவி பூங்கொடி அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்ட சாதத்தை இலையில் வைத்து, அதன்மேல் நெய்யை நான் போதும் என்று சொன்னபிறகும் ஊற்றினார். எளிய சாப்பாடுதான். பூண்டும் சீரகமும் வரமிளகாயும் தவிர பெரிதாக ஒன்றுமில்லை. பினாங்கில் நாங்கள் சாப்பாடு என்றால் கறி, சம்பல், பொரித்த மீன் என்று மேசையை நிரப்பாமல் விடமாட்டோம். இங்கே ஒரே ஒரு பாத்திரம் வந்தது. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

தென்னந்தோப்பைப் பார்த்த அறையில் அவருடைய போர்டு ஒரு பலகையில் திறந்தபடி கிடந்தது. பெட்டி இல்லை, மூடி இல்லை. பக்கத்தில் ஜன்னல், அதன் வழியே வெயில். ஒரு வரியை மாற்றுவார், நிரலைப் புதிதாகக் கட்டுவார், கிளிப்பைச் சிப்பின் கால்களில் கவ்வ வைத்து எழுதுவார், பொத்தானை அழுத்துவார். போர்டு எழுந்துவிடும். மறுபடி ஒரு வரி, மறுபடி எழுதல், மறுபடி எழும்.

"பாருங்க்கா. எத்தன தடவ எழுதுனாலும் எந்திரிக்குதுங்க. அந்தப் புள்ள என்ன பண்ணுதுன்னே தெரியலீங்க. மறுக்கா எழுதுனா சேரியாப் போகுதுன்னு அதே சொல்லுதுங்க. அப்ப மொதல்ல எழுதுனது சேரியா ஏறலைன்னுதானுங்களே அர்த்தம்?"

நியாயமாகத்தான் இருந்தது. கிளிப்பின் ஒரு கால் சரியாகப் படாவிட்டால் எழுதியது கெட்டுப்போகும். நானும் அதைத்தான் சந்தேகித்திருந்தேன். ஆனால் செல்வராணி அனுப்பிய அறிக்கைகள் எப்போதும் சுத்தமாக இருக்கும். கிளிப்பைப் பொருத்தத் தெரியாதவள் அப்படி எழுதமாட்டாள்.

"நீங்க அவங்கள இந்த மாதிரிக் கேட்டிருந்தா பரவாயில்லையே. 'சரியாகப் பொருத்து'ன்னு எழுதிட்டீங்களே," என்றேன்.

"அப்புடி எழுதலீங்க்கா. கொஞ்சம் பாத்துப் பொருத்திக்குங்கன்னுதானுங்க எழுதுனேன்."

திரையைத் திறந்து காட்டினேன். அவர் தன் வாக்கியத்தைத் தானே வெகுநேரம் படித்தார். பூங்கொடி எட்டிப் பார்த்துவிட்டு, "இது எந்த வாத்தியார் எழுதுனதுங்க?" என்று கேட்டார்.

மறுநாள் காலை கிளம்பும்போது சோதிக்க ஒரு போர்டும், ஒரு பை நிறைய நிலக்கடலையும் என்னிடம் கொடுத்தார். கடலை யாருக்கு என்று சொல்லவில்லை.

பாலக்காட்டிலிருந்து இடுக்கிக்குப் போக, கேரளத்தை விட்டுத் தமிழ்நாட்டுக்குள் இறங்கி மறுபடி கேரளத்துக்குள் ஏற வேண்டும். இடையில் ஏறிய ஒரு பேருந்தின் பலகையில் "கம்பம்" என்று இருந்ததைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். எங்கள் மலேசியத் தமிழில் கம்பம் என்றால் கிராமம். எந்தக் கிராமம் என்று சொல்லாமல் ஒரு பேருந்து கிராமத்துக்குப் போவதாக அறிவிப்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. போய்ப் பார்த்தால் அது நெரிசலான பட்டணம். திராட்சை கூடை கூடையாக இருந்தது. வாங்கித் தின்றேன். புளிப்பு.

கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறும் மலைப்பாதையில், கொண்டையூசி வளைவு ஒன்றில் பேருந்து முனகி நின்றது. ஓட்டுநர் இறங்கி எஞ்சினைப் பார்த்தார். நடத்துநர் இறங்கி ஓட்டுநரைப் பார்த்தார். எங்கள் ஊராக இருந்தால் ஆளுக்கொரு கைப்பேசியை எடுத்துப் புகார் எழுத ஆரம்பித்திருப்போம். இங்கே எல்லோரும் நிம்மதியாக இறங்கி ஓரக்கட்டில் உட்கார்ந்து முறுக்கைப் பிரித்தார்கள்.

பின்னால் வந்த ஜீப் ஒன்று நின்றது. ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்கள் நிறைந்து வழிந்தார்கள். "ஒரு ஆளுக்கு எடம் இருக்கு, ஏறுங்க," என்று உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. இடம் எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏறியபிறகு எப்படியோ இருந்தது. என் மடியில் தூக்குவாளி ஒன்றும், குரலுக்குச் சொந்தமான அம்மாளின் மடியில் என் போர்டும் உட்கார்ந்துகொண்டன.

"இது என்னம்மா, டிவிக்குள்ள இருக்குறதா?"

"கம்ப்யூட்டருக்குள்ள இருக்குறதும்மா."

"ரிப்பேரா?"

"இது நல்லாத்தான் இருக்கு. மலையில இருக்குற இதோட கூட்டாளிதான் காலையில எந்திரிக்க மாட்டேங்குது."

"இந்தக் குளிர்ல நாங்களே எந்திரிக்க மாட்டேங்குறோம்," என்றார். ஜீப்பே சிரித்தது.

குமுளிச் சோதனைச் சாவடியில் ஓர் அதிகாரி போர்டைத் தூக்கிப் பார்த்தார். கம்பிகளையும் கிளிப்பையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைத்து, இது என்ன, எதற்கு, எங்கே போகிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். எனக்குப் பாதிதான் புரிந்தது. நான் மலேசியக் கடவுச்சீட்டை நீட்டியதும் சந்தேகம் கூடியது. வண்டன்மேடு, கம்ப்யூட்டர், செல்வராணி என்று மட்டும் சொன்னேன். கடைசிச் சொல்லைக் கேட்டதும் முகம் மாறியது. "என் லேப்டாப்பைச் சரிசெய்து தந்தது அந்தப் பெண்தான்," என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லி, எல்லாவற்றையும் தானே பையில் அடுக்கிக் கொடுத்தார்.

குமுளியில் கடைக்குக் கடை ஏலக்காயும் மிளகும் கிராம்பும் மணத்தன. அங்கிருந்து வண்டன்மேட்டுக்குப் போகும் வழியெல்லாம் பெரிய மரங்களின் நிழலில் ஏலச் செடிகள். இந்த ஊரில் ஏலத்தை ஏலம் விடுகிறார்கள். தமிழ் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கும் வைத்திருப்பதைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லி வியந்தேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

செல்வராணிக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். என்னைப் பார்த்து அவள் திகைக்கவில்லை. முதல் நாளே தொலைபேசியில் என் குரலைக் கேட்டுத் திகைத்து முடித்திருந்தாள். கடைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. அவள் கணவர் ஜீப் ஓட்டப் போயிருந்தார். நான் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"ஐயோ, அவ்வளவு பசியாக்கா? இந்தா வந்துட்டேன்!" என்று ஓடினாள். எங்கள் ஊரில் பசியாறுவது என்றால் சிற்றுண்டி சாப்பிடுவது, அவ்வளவுதான் என்று சொல்வதற்குள் கப்பை என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன் குழம்பும் மலைபோல் வந்துவிட்டன. விளக்கத்தை விழுங்கிவிட்டுச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்ததும், "அக்கா, நீங்க இவ்வளவு தூரம் வந்தது சந்தோசம். ஆனா அவருக்காகப் பேச வந்திருந்தீங்கன்னா வேண்டாம்," என்றாள். "எஸ்டேட் லயத்துல வளர்ந்த பிள்ள, ஏதோ டிப்ளமா படிச்சிருக்கு, இதுக்கு என்ன தெரியும்னு நெனைச்சுட்டாரு. நெனைச்சதை மனசுக்குள்ள வச்சிருக்கலாம்ல? ஊரு ஒலகமெல்லாம் படிக்கிற எடத்துல எழுதுனாரே."

அவர் அப்படி நினைக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். நான் சொல்லி அவள் நம்புவது சரியில்லை என்று தோன்றியது. கடலைப் பையை மட்டும் மேசையில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

கணினிகள் இருந்தது வாசகசாலைக்குப் பின்னால் ஓர் அறையில். கொச்சியில் ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்டவை. அந்த அலுவலகம் அவற்றின் ஃபர்ம்வேரில் பூட்டுப் போட்டிருந்தது. கடவுச்சொல் தெரிந்தவர் எவரும் இல்லை. அதனால்தான் செல்வராணி எங்கள் நிரலைத் தேடி வந்தாள். எடுத்துவிடுகிறேன் என்று கோபத்தில் எழுதினாலும், மாற்றிப் போட வேறு நிரல் அவளிடம் இல்லை. எஸ்டேட் பிள்ளைகள் பள்ளி முடித்துவிட்டு அரசு வேலைப் பரீட்சைக்குத் தயாராகிறார்கள். வேலைக்குப் போவதற்கு முன்னால், விடிந்த கையோடு வந்து பயிற்சித் தேர்வு எழுதுவார்கள். கணினி எழுந்தால்.

"எழலைன்னா?"

"காத்திருப்பாங்க. அப்புறம் ஜீப்பு வந்துரும், போயிருவாங்க. மத்தியானம் நான் கடைய அடைச்சுட்டு வந்து எல்லாத்துலயும் திரும்ப எழுதுவேன். எல்லாம் எந்திரிக்கும். மறுநாள் காலையில பார்த்தா திரும்பவும் படுத்துருக்கும்." அவள் குரல் தாழ்ந்தது. "இப்பப் பாதிப் பிள்ளைங்க வர்றதையே நிறுத்திட்டாங்கக்கா."

அறை பாப்பச்சன் என்ற ஏலக்காய் வியாபாரிக்குச் சொந்தம். அன்று மாலை அவரும் வந்தார். கெட்டவர் இல்லை, வாடகை வாங்காமல் கொடுத்திருந்தார். மலையாளத்தில் அவர் சொன்னதை செல்வராணி எனக்கு மாற்றிச் சொன்னாள்: "இயந்திரம் ஓடினால் இருக்கட்டும், எனக்கும் பெருமைதான். ஓடாத இயந்திரத்துக்கு எதற்கு அறை? அடுத்த பறிப்புக் காய் வந்துகொண்டிருக்கிறது. என் சாக்குகளுக்கு இடம் வேண்டும்."

பினாங்கில் விடியலுக்கும் மதியத்துக்கும் ஒரே சட்டைதான். குளிர் வேண்டுமென்றால் பேரங்காடிக்குள் நுழைய வேண்டும். வண்டன்மேட்டில் மறுநாள் காலை செல்வராணியின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு அந்த அறைக்குள் போனபோது, வாயிலிருந்து புகை வந்தது. சுவிட்சைப் போட்டோம். காற்றாடிகள் சுற்றின. திரைகள் கருப்பாகவே கிடந்தன. வந்திருந்த சில பிள்ளைகள் பழகிப்போனவர்களாகப் புத்தகத்தைத் திறந்துகொண்டார்கள்.

"ஒண்ணுல மட்டும் இப்பவே, என் கண் முன்னால எழுதுறியா?" என்றேன்.

அவள் மூடியைக் கழற்றினாள். கிளிப்பைச் சிப்பின்மேல் வைத்தாள், லேசாக ஆட்டிப் பார்த்தாள், எடுத்து மறுபடி வைத்தாள். எழுதிவிட்டு, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டும் பார்த்தாள். என் தொழிற்சாலையில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்களின் கைக்கு அந்தக் கை குறைந்தது அல்ல. பொத்தானை அழுத்தினாள். அந்தக் கடுங்குளிரில் கணினி எழுந்தது.

அப்படியானால் குளிர் காரணம் இல்லை. குளிர்தான் காரணம் என்று நான் விமானத்தில் வரும்போதே முடிவுகட்டி வைத்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பி, தட்டிலிருந்த பூரி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் வெயில் ஏறியது. கம்பளியைக் கழற்றி வைத்தேன். சும்மா இருக்க முடியாமல் மறுபடி எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தோம். காலையில் செத்துக் கிடந்தவை, யாரும் தொடாமலேயே ஒவ்வொன்றாக எழுந்தன. காலையில் எழுந்த அந்த ஒன்று மட்டும் கருப்பாக நின்றது.

செல்வராணி அணைத்துவிட்டுப் போட்டாள். கருப்பு. மறுபடி போட்டாள். கருப்பு.

"என்னக்கா இது? காலையில எழுதுனது மத்தியானம் விழுது, மத்தியானம் எழுதுனது காலையில விழுது!"

அவள் சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

கணினி எழும்போது செயலியும் மெமரியும் முதலில் ஒன்றுக்கொன்று தாளம் பிடிக்க வேண்டும். எந்தக் கணத்தில் கேட்டால் சரியான பதில் வரும் என்று நுணுக்கமாகத் தேடிப் பார்க்க வேண்டும். அதற்கு நேரமாகும். அதனால் ஒரு முறை கண்டுபிடித்ததைச் சிப்பின் ஒரு மூலையில் சேமித்து வைத்து, அடுத்த முறை தேடாமல் அதையே எடுத்துக்கொள்வோம். வெயிலில் பிடித்த தாளம் குளிரில் கொஞ்சம் விலகும். குளிரில் பிடித்தது வெயிலில் விலகும். நிறுவனங்களின் ஃபர்ம்வேர் பழைய தாளம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பயன்படுத்தும். எங்களுடையதில் அந்தச் சோதனை இல்லை. கனகராஜ் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதியதால் அந்த மூலை ஒவ்வொரு முறையும் அழிந்து, புதுத் தாளம் பிடிக்கப்பட்டது. நேற்று சேமித்ததை இன்று பயன்படுத்தும் நிலைமை அவர் மேசையில் வந்ததே இல்லை.

உறுதி செய்ய, அந்த ஒரு கணினியில் நிரலைத் தொடாமல் அந்த மூலையை மட்டும் அழித்தோம். எழுந்தது.

செல்வராணி நாற்காலியில் உட்கார்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்தேன். கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். "என் கை நல்ல கைதாங்க்கா!" என்றாள்.

கனகராஜை அழைத்துச் சொன்னேன்.

"அப்ப அந்தப் புள்ள சொன்னது அத்தனையும் நெசந்தானுங்ளா?"

"அத்தனையும்."

"அவங்க பக்கத்துல இருக்கறாங்ளா?"

நான் கைப்பேசியை நீட்டினேன். செல்வராணி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் கடை வாசலில் ஒரு மனிதர் அரைக்கைச் சட்டையோடு, மார்பில் கைகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார். கனகராஜ். மலைக்குப் போகிறோம் என்று யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை போலிருக்கிறது.

"ஏனுங்க அம்மிணி, உள்ள வரலாங்ளா?"

செல்வராணி கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைக்கவில்லை. "வாங்க," என்றாள்.

"உங்க கிளிப்புல ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு நான் எழுதுனதுலதானுங்க. எல்லாரும் படிக்கற எடத்துல உங்களச் சொல்லிப்போட்டனுங்க. அதே எடத்துல, இது என்ற தப்புன்னு எழுதிப்போட்டுத்தானுங்க பஸ் ஏறுனேன்."

அவள் உடனே கைப்பேசியை எடுத்துப் பார்க்கவில்லை. அவரையே பார்த்தாள். "நீங்க இப்படித்தான் பேசுவீங்களா?"

"எப்புடிங்க?"

"இல்ல, மெயில்ல வேற ஆளு மாதிரி இருந்தீங்க."

"இங்கிலீசுல 'ங்க' போட எடமில்லீங்களே," என்றார் நடுங்கிக்கொண்டே.

அவள் அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள். உள்ளே போய்த் தன் கணவரின் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது அவருக்குத் தொப்புள்வரைதான் வந்தது. அடுப்பில் பால் சேர்க்காத கட்டன் சாயா வைத்தாள். முதல் நாள் நான் வைத்த கடலைப் பையைப் பிரித்து நடுவில் கொட்டினாள்.

பிறகு வேலை. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தாளம் பிடிக்க விட்டுவிடலாம் என்றார் கனகராஜ். அது எளிது. செல்வராணி ஒப்பவில்லை. "அவ்வளவு நேரம் திரை கருப்பா இருந்தா பிள்ளைங்க செத்துப்போச்சுன்னு சுவிட்சை அணைச்சிருவாங்க. ஒத்துப்போகுதான்னு பாருங்க. ஒத்துப்போகலைன்னா மட்டும் புதுசாப் பிடிங்க. பிடிக்கும்போது ஒரு சத்தம் குடுங்க, காத்திருன்னு."

"சத்தமுங்ளா?"

"போர்டுல சின்ன ஸ்பீக்கர் இருக்குல்ல? பீப் பீப்னு ரெண்டு தடவை."

கனகராஜ் என்னைப் பார்த்தார். நான் சேர்த்துக்கொள்வேன் என்று தலையாட்டினேன். எழுதியது ஒரு பக்கம்கூட வராது. அதைச் சரிபார்ப்பதற்குள் சாயா மூன்று தடவை வந்தது. பொழுது சாய்வதற்குள் எல்லாக் கணினிகளிலும் செல்வராணியே எழுதினாள். கனகராஜ் மூடிகளைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை நல்ல குளிர். பாப்பச்சன் சொல்லாமலே வந்து, தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார். செய்தி பரவியிருந்தது, வருவதை நிறுத்தியிருந்த பிள்ளைகளிலும் சிலர் வந்திருந்தார்கள். செல்வராணி மெயின் சுவிட்சைப் போட்டாள்.

காற்றாடிகள் சுற்றின. கருப்பு. கனகராஜ் ஸ்வெட்டரின் ஓரத்தைக் கையால் முறுக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மூலையில் பீப் பீப் என்றது. அடுத்து இன்னொன்று. அப்புறம் அறை முழுக்க, ஒன்றுக்கொன்று பொருந்தாமல், முன்னும் பின்னுமாகப் பீப் பீப் என்று கத்தின. முதல் திரை வெளுத்தது. அந்தத் திரைக்கு முன்னால் இருந்த பெண் "மிஸ், வந்துருச்சு!" என்று கத்தியதில் பாப்பச்சன் திடுக்கிட்டார். ஒன்றன்பின் ஒன்றாக மற்றவையும் வந்தன. ஒரே ஒரு கணினியில் மட்டும் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. செல்வராணி திறந்து பார்த்தாள். மின்சாரப் பெட்டிக்குள் பல்லி ஒன்று செத்துக் கிடந்தது. அதற்கு எங்கள் மூவராலும் நிரல் எழுத முடியாது.

பாப்பச்சன் கணினிகளுக்கு நடுவே ஒரு சுற்று நடந்தார். ஒரு பையனின் திரையில் இருந்த கணக்கை நின்று வாசித்து, தவறான விடையைச் சொல்லிக் கொடுத்தார். பிறகு வெளியே போய் யாரையோ கைப்பேசியில் அழைத்தார். செல்வராணி காது கொடுத்துக் கேட்டு எங்களுக்குச் சொன்னாள்: "சாக்கை எல்லாம் ஸ்டோர் மாடியில அடுக்கச் சொல்றாரு."

குமுளியில் கம்பம் பேருந்துக்குக் காத்திருந்தபோது மடிக்கணினியைத் திறந்தேன். கனகராஜ் அனுப்பிய திருத்தம் என் ஒப்புதலுக்காகக் காத்திருந்தது. அதோடு இன்னொரு சின்ன மாற்றத்தையும் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு போர்டுக்கும் பொறுப்பாளர் யார் என்று ஒரு கோப்பில் இருக்கும். இந்தப் போர்டுக்கு அவர் பெயர் மட்டும் இருந்த இடத்தில், அவர் பெயருக்கு மேலே செல்வராணியின் பெயரைச் சேர்த்திருந்தார். "உன்கிட்டக் கேட்டாரா?" என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். "ரெண்டு தடவ கேட்டாரு. ரெண்டாவது தடவ சரின்னுட்டேன்," என்று பதில் வந்தது. இரண்டையும் சேர்த்தேன். பேருந்து வந்தது. இந்த முறை அது நிற்காமல் மலை இறங்கியது.

பினாங்குக்குத் திரும்பிக் கொஞ்ச நாள் ஆகியிருக்கும். வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். செல்வராணி அழைத்தாள்.

"அக்கா, பட்டியல்ல பாத்தீங்களா? எங்கேயோ வடக்க ஒரு நாட்டுல ஒருத்தரு. போன குளிர்காலமெல்லாம் அவரு போர்டு காலையில எழலையாம். தூக்கிப்போட இருந்தாராம். நம்ம திருத்தத்தைப் போட்டதும் எந்திரிச்சிருச்சாம்."

"நல்ல செய்தி ஆச்சே!"

"முழுசா இல்ல. சில நாள் மட்டும் இன்னும் எழலையாம். அங்க மைனஸ்ல போகுதாம். மைனஸ்னா எப்படிக்கா இருக்கும்?"

பேருந்துக்கு வெளியே பினாங்கு வேர்த்துக்கொண்டிருந்தது. "எனக்கும் தெரியாதும்மா. கனகராஜைக் கேட்டியா?"

"அவரு வண்டன்மேட்டுக் குளுரையே இன்னும் சொல்லிச் சொல்லி மாளலை. அவரக் கேட்டு என்ன செய்ய?" விசைப்பலகையின் சத்தம் கேட்டது. "சரி, நீங்க போனை வைங்க. எந்த நாள் எழலை, அன்னைக்கு எவ்வளவு குளிரு, முந்தின நாள் எவ்வளவுன்னு நானே அந்த வெளிநாட்டுக்காரருக்கு எழுதிக் கேட்டுக்கிறேன்."